ஆக்களைப் பிறகு போட்ட வீடு

போன மாதம் நான் வேலை பார்த்த கந்தோருக்குச் சும்மா போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஆளுக்குச் சும்மா போவதைத் தவிர வேறு என்ன வேலை? அங்கிருக்கும் பிள்ளைகள் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்கள். சாய்ந்தமருதில் கட்டப்போகும் ஒரு வீட்டின் ஹோல். நிலத்திலிருந்து முகடு வரை கண்ணாடி, வெள்ளை சோபா. ஒரு விசையைத் தட்டினால் காலை வெயில் மேசையில் விழுகிறது. இன்னொன்றைத் தட்டினால் பின்னேர வெயிலாகி நிலத்தில் நீளுகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மறைப்பானேன், பொறாமையாகவும் இருந்தது.

"எப்படி ராத்தா?" என்றாள் ஷிப்னா. இப்போது அங்கே வீட்டுப் படம் கீறுகிறவள் அவள்தான். அக்கா முறைக்கு என்னை ராத்தா என்பாள்.

"மாஷா அல்லாஹ், நல்லாரிக்கி புள்ள. ஆக்கள் எங்க?"

"ஆக்களா? ஆக்களப் பொறகு போடலாம் ராத்தா. அதுக்கு வேற பைல் இரிக்கி."

நான் சிரித்த சிரிப்பில் குடித்த தேநீர் மூக்கால் வந்துவிட்டது. ஆக்களைப் பிறகு போட்ட வீடு ஒன்றை நானும் கீறியிருக்கிறேன் என்று சொன்னேன். அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள், கந்தோரில் எல்லாரும் வாசிக்கட்டும் என்று அவள் பிடித்துக்கொண்டாள். என் மானம் போகிற கதைதான், ஆனாலும் எழுதுகிறேன்.

நான் மருதமுனைக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படம் கீறப் படித்த இரண்டு வருடமும் ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாகக் கடைசி வாங்கில் இருந்தேன் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. முடித்ததும் கல்முனையில் ஞானமுத்து சேரின் கந்தோரில் சேர்ந்தேன். "பொம்புளப் புள்ள பிளான் கீறுறாவாம்" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. வந்தவர்களின் மனைவிமார்தான் பிறகு என்னை விடவில்லை. அரிசி வாளி எங்கே வைப்பது, பிள்ளைக்குப் பால் கொடுக்க எங்கே இருப்பது என்பதையெல்லாம் ஆம்பிளையிடம் சொல்ல முடியுமா? என்னிடம் சொன்னார்கள். அப்படியே 'பிளான் ராத்தா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஞானமுத்து சேர் மெதடிஸ்த சபைக்காரர். ஒல்லி மனிதர். கிழமை நாட்களில் வெள்ளை நீளக்கைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமையில் அதைவிட வெள்ளையான ஒன்று. கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறைந்துவிடும். அதனால் அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினாலே நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். நாம் கீறிக் கொண்டுபோகும் படத்தை அவர் உடனே பார்க்க மாட்டார். மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார்.

"வெள்ளண எட்டு மணிக்கு இந்த வீட்டுப் பொம்புள எங்க நிக்கிறா பிள்ளை?"

"குசினியில சேர்."

"சட்டிக்குள்ள கிடக்கிறது அவவுக்குத் தெரியுதா? லைட் போடாமச் சொல்லு."

பதில் தெரியாவிட்டால் படம் கவிழ்ந்தபடியே திரும்பி வரும். தெரிந்தால், அடுத்த கட்டம் மஞ்சள் பென்சில். காலை எட்டு மணிக்கும் நடுப்பகலிலும் பின்னேரம் நாலு மணிக்கும் வெயில் எந்தெந்த இடத்தில் விழும் என்று கணக்குப் பார்த்து, அந்த இடங்களை மஞ்சளால் தீட்ட வேண்டும். மஞ்சள் இல்லாத அறையைத் தனக்குக் காட்டவே வேண்டாம் என்பார். கடைசியாக வருவது கயிறு. வீடு கட்டப்போகும் வெறும் வளவில் தடி நட்டு, கயிறு கட்டி, சுவர் வரும் இடமெல்லாம் பெட்சீற்றோ சாறியோ தொங்கவிட்டு, வீட்டுக்காரரை அதற்குள் கதிரை போட்டு அரை நாள் இருக்கச் செய்ய வேண்டும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். "என்ன ராத்தா, உடுப்புக் காயப் போட்டிரிக்கா?" என்பார்கள். அந்தக் கயிற்றைப் போல் நான் வெறுத்த பொருள் உலகத்தில் இல்லை.

சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கந்தோர்ப் பிள்ளைகள் கோபிப்பார்கள். நிந்தவூரில் ஒரு ஹாஜியாருக்கு வீடு கீறினேன். குளியலறைக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று படத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ஒருவழியாக முடித்துக் கொடுத்தேன். சேர் அன்று படத்தை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்கியது.

"பிள்ளை, நான் சேர்ச்சுக்குப் போற மனுசன். எனக்கே தெரியுது, ஹாஜியார்ட கொமேட் மேற்கப் பாத்துக் கிடக்கு. உனக்குத் தெரியல்லையா?"

யா அல்லாஹ்! தொழுகைக்கு நிற்கும் கிப்லாத் திசையைப் பார்த்து மலசலகூடத்தை வைத்திருக்கிறேன். ஐந்து நேரம் தொழுகிற நான் வைத்திருக்கிறேன், சேர்ச்சுக்குப் போகிறவர் கண்டுபிடித்திருக்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அதன் பிறகு எந்தப் படத்தை எடுத்தாலும் மேற்கு எது என்று முதலில் ஒரு அம்புக்குறி போடாமல் நான் பென்சில் வைத்ததில்லை.

எங்கள் கரையில் வெளிச்சமான வீடு கீறுவது எவ்வளவு சிக்கல் என்று வெளியூர் ஆட்களுக்கு விளங்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பெரிய தெரு, நடுவில் இருக்கிற கொஞ்ச நிலத்தில்தான் ஊர் முழுக்க. கொமருக்கு, அதாவது கலியாண வயதுப் பெண்ணுக்கு, வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். ஆகவே உம்மாவின் வளவை மூத்தவளுக்குப் பாதி, அடுத்தவளுக்கு மிச்சத்தில் பாதி என்று வெட்டி வெட்டி, கடைசிப் பிள்ளைக்கு வரும்போது ஒரு கீற்று நிலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சொந்தக்காரரின் சுவர். தெருப் பக்கம் யன்னல் வைத்தால் போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள் என்று திரையைப் போட்டு மூடிவிடுவார்கள். நான் கீறிய தெரு யன்னல்களில் பாதி இன்றுவரை திறந்ததில்லை. வெளிச்சம் வேண்டும், ஆனால் ஒருத்தரும் பார்க்கக் கூடாது. மிச்சம் இருப்பது வானம் ஒன்றுதான்.

இப்படி ஒரு கீற்று நிலத்தோடுதான் ஹாஜறா உம்மா வந்தார். எனக்கு அப்போது கந்தோரில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். சேருக்கு எழுபது நெருங்கியிருந்தது. படங்களை நான்தான் பொறுப்பெடுத்துச் செய்துகொண்டிருந்தேன், கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

"இவதான் என்ட கடைசி, நஸ்மியா," என்றார் ஹாஜறா உம்மா. "காதுதான் கேக்காது. மத்த எல்லாத்தையும் கேப்பா."

நஸ்மியா உம்மாவின் வாயைப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டு, உம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள். உதட்டைப் பார்த்துத் தமிழை விளங்குவாள், கையால் பதில் சொல்லுவாள், நீளமாகச் சொல்ல வேண்டியதை எழுதுவாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். மாப்பிள்ளை பாலமுனையில் தச்சு வேலை செய்கிறவர், இவளுடைய கைப்பேச்சை இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாராம். உம்மா அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்ததை நான் கண்டேன்.

உனக்கு எப்படி வீடு வேண்டும் என்று கேட்டேன். என் கொப்பியை வாங்கி, முத்து முத்தாக எழுதினாள்.

'வீட்டில் எந்த இடத்தில் நின்றாலும் கதைக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நான் என் வீட்டிலேயே விருந்தாளி.'

அதை இரண்டு தடவை வாசித்தேன். நமக்கு இருட்டு வந்தால் விளக்கைத் தேடுவோம், கதை நிற்காது. இவளுக்கு வெளிச்சம் போனால் கதையே போய்விடுகிறது. இந்தப் பிள்ளைக்கு ஊரிலேயே வெளிச்சமான வீட்டைக் கீறிக் கொடுப்பேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன்.

அவளுடைய வளவு தெருவிலிருந்து பின்னோக்கி நீண்டு கிடந்தது. மேற்கே பெரியம்மாவின் வீட்டுச் சுவர். பின்னால் வேறொருவரின் மதில். கிழக்கே எல்லையோடு ஒட்டி மூத்த சகோதரி ரமீஸாவின் வீடு, அதுவும் அவளுடைய குசினிச் சுவர். நான் வீட்டின் பின்பாகத்தில், ஹோலுக்கும் குசினிக்கும் இடையே, கூரையே இல்லாமல் வானம் பார்த்த ஒரு சதுரத்தைத் திறந்துவிட்டேன். ஹோலுக்கும் அதற்கும் நடுவில் சுவர் கிடையாது. பத்து மணி வெயில் ரமீஸாவின் கூரைக்கு மேலால் வந்து அந்தச் சதுரத்தில் இறங்கும். ஆனால் ரமீஸா தன் குசினிக்கு மேல் மாடி எடுக்கத் தூண் கம்பிகளை விட்டு வைத்திருந்தாள். அந்த மாடி எழும்பினால் என் சதுரம் கிணறாகிவிடும். அதைப் பற்றிக் கதைக்கப் போனேன்.

"நாலு புள்ளையோட நான் எங்க போற ராத்தா?" என்றாள் ரமீஸா, அகப்பையைக் கீழே வைக்காமலே. "அவக்கு எதுக்கு இவ்வளவு வெளிச்சம்? கரண்டு இல்லையா?"

"அவ முகத்தப் பாத்துத்தானேகா வெளங்குறா."

"எல்லார்ட முகத்தையும் பாப்பா, என்ட முகத்த மட்டும் பாக்கமாட்டா. உம்மா சொன்னா வெளங்கும், ஒங்களுக்கு வெளங்கும், நான் கூப்பிட்டா மட்டும் வெளங்காது. சின்னதுல இருந்தே என்ன எடுத்தெறிஞ்சவ அவ. அவக்காக நான் மாடிய உடுறதா? விசரா எனக்கு?"

அவள் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் கூட இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் என் தொழிலுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மாடி எழும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று படத்தை முடித்தேன். ஹோலில் இருக்கைகளைச் சதுரத்துக்குப் பக்கத்தில், அதற்கு முதுகு காட்டிப் போட்டேன். அப்படிப் போட்டால்தான் படத்தில் அழகு. மஞ்சள் பென்சிலால் தீட்டினேன். அப்படியொரு மஞ்சளை நான் அதற்கு முன் தீட்டியதில்லை.

சேர் கவிழ்க்காமலே பார்த்தார். "மஞ்சள் நல்லா இருக்கு பிள்ளை. கயிறு கட்டின நீயா?"

"ஓம் சேர்."

பச்சைப் பொய். அந்தச் சின்ன வளவுக்குக் கயிறு கட்டி யார் மினக்கெடுவது என்று விட்டிருந்தேன். சேர் குனிந்து மேசைக்குக் கீழே என் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னார்.

"அந்த வளவு முழுக்கக் கடல் மணல். உன்ட செருப்பு முகம் பாக்கலாம் போலக் கிடக்கு."

கீழ் லாச்சியைத் திறந்து கயிற்றுப் பந்தை எடுத்து என் படத்தின் மேல் வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மருதமுனையிலிருந்து என் உம்மாவின் தறிப் பெட்சீற்றுகளைக் கட்டிக்கொண்டு போனேன். மேசன்மார் இருவர் தடி நட்டார்கள். வெறும் வெளியில் நின்றால் எல்லா இடமும் வெளிச்சம்தானே, அதனால் கூரைக்குப் பதிலாக நெல் காயப் போடும் தறப்பாள் இரண்டை மேலே இழுத்துக் கட்டி, வானம் பார்த்த சதுரத்தை மட்டும் திறந்துவிட்டோம். உள்ளே நுழைந்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. சதுரத்தில் பத்து மணி வெயில் தகதகவென்று நின்றது. என் படத்தில் இருக்கிறபடியே கதிரைகளைப் போட்டேன். சதுரத்துக்கு முதுகு காட்டி ஹாஜறா உம்மா. தன் சுவரில் யார் பெட்சீற்றைத் தொங்கவிட்டது என்று சண்டைக்கு வந்த ரமீஸாவையும் பிடித்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினேன். எதிரே நஸ்மியா.

"சரி, வீட்டுல இரிக்கிற மாதிரிக் கதைங்க," என்றேன்.

ரமீஸா கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்ல மனதோடுதான் கேட்டாள். "மாப்புள வீட்டாருக்குப் பகல் சாப்பாட்டுக்கு என்னகா ஆக்குற?"

நஸ்மியா அக்காவைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்டீங்களா ராத்தா? ஒங்கட கண்ணால கண்டீங்களா?" என்று ரமீஸா எழும்பினாள். "இப்பிடித்தான். இருவது வருசமா இப்பிடித்தான்!"

அவள் போகத் திரும்பும்போது நஸ்மியா பாய்ந்து வந்து தோளைப் பிடித்தாள். அக்காவை அப்படியே சுற்றித் திருப்பி, வெயில் சதுரத்தைப் பார்க்க நிறுத்தினாள். தான் அந்தப் பக்கம் போய் நின்று, கையை வாய்க்கு முன் அசைத்தாள். இப்போது சொல்லு என்கிறாள்.

ரமீஸா ஒன்றும் புரியாமல் அதே கேள்வியைக் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன்பே நஸ்மியாவின் கைகள் பறந்தன. கோழி வேண்டாம், மீன். பெரிய மீன். இவ்வளவு பெரியது. பிறகு அவள் ரமீஸா இருந்த கதிரையைக் காட்டினாள், தன் கறுப்பு அபாயாவைத் தொட்டாள், அந்தக் கையை அக்காவின் முகத்தின் மேல் மெல்ல வழித்தாள்.

கதிரையில் இருந்தபோது உன் முகம் கறுப்பு. எனக்கு வாய் தெரியவில்லை.

நான் போய் நஸ்மியாவின் கதிரையில் இருந்து பார்த்தேன். ஹாஜறா உம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். அவருக்குப் பின்னால் அவ்வளவு வெளிச்சம். அவருடைய முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். நான் தீட்டிய மஞ்சள் முழுக்க ஆட்களின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. ஊரிலேயே வெளிச்சமான வீட்டில் அந்தப் பிள்ளையை விருந்தாளியாக்கி வைக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் என் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஹாஜறா உம்மா மெதுவாகச் சொன்னார்: "ரமீஸா, பழைய வீட்டுல நீ எப்பவும் பின்கதவடியில நிண்டுதானேகா இவளக் கூப்பிடுவா? ஒனக்குப் பின்னால வளவு முழுக்க வெயில் இரிக்கும்."

ரமீஸா வெயில் சதுரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்குகள் ஓடுவது தெரிந்தது. அந்தப் பின்கதவடியில் அடுப்பு. மூத்த பிள்ளை, உம்மாவுக்கு உதவியாகச் சமைக்கிறவள், அங்கே நின்றுதான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், தலை பின்னக் கூப்பிட்டிருக்கிறாள், ஏசியிருக்கிறாள்.

"அல்லாஹ்வே," என்றாள். "நான் இவளுக்கு அடிச்சும் இரிக்கன் ராத்தா. கேட்டும் கேக்காத மாதிரி நிக்கிறாளெண்டு அடிச்சிரிக்கன்."

அப்படியே மணலில் இருந்து அழுதாள். நஸ்மியா பக்கத்தில் இருந்து அவள் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். ஆறுதல் சொல்ல என்றுதான் நினைத்தேன். இல்லை, அழும்போது அக்கா என்ன சொல்கிறாள் என்று பார்க்கத்தான். அதைக் கண்டு ரமீஸாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் எல்லாருக்கும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிய ரமீஸா சொன்ன முதல் வார்த்தை: "ராத்தா, என்ட குசினிச் செவத்த ஒடைங்க."

"என்னது?"

"இவடத்த ஒரு யன்னல் வைங்க. நான் ஆக்கிக்கொண்டே இவளோட கதைக்கோணும். மாடிய நான் தெருப் பக்கம் எடுத்துக்கிறன். அதுக்கும் நீங்கதான் கீறித் தரோணும்."

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பெட்சீற்றுகள் இடம் மாறின, கதிரைகள் இடம் மாறின. எனக்கு அன்று ஒரு அதிகாரமும் இல்லை, நஸ்மியா கையைக் காட்டிய இடத்தில்தான் எல்லாம். திறந்த சதுரத்தைப் பின்னாலிருந்து எடுத்து, ரமீஸாவின் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தோம். இப்போது எதிரெதிரே இருக்கிற இருவருக்கும் பக்கத்திலிருந்து வெளிச்சம் முகத்தில் விழுந்தது. எதிர்ச் சுவருக்கு வெள்ளை பூசினால் அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அடுப்பைச் சுவருக்கு முகம் காட்டி வைக்காமல் வீட்டுக்கு முகம் காட்டித் திருப்பினோம். வாசற்கதவு திறந்தால் ஹோலின் சுவரில் வெளிச்சம் அசையும்படி செய்தோம், யாரோ வருகிறார்கள் என்று அவளுக்கு அதுவே சொல்லும். ரமீஸாவின் புது யன்னலுக்கு நேரே சதுரத்தின் வெயில் வந்தது. அதில் யார் எட்டிப் பார்த்தாலும் முகம் பளிச்சென்று தெரியும். மேற்கு எது என்று அம்புக்குறி போடவும் நான் மறக்கவில்லை.

புதுப் படத்தைச் சேரின் மேசையில் வைத்து, "அண்டைக்கு நான் கயிறு கட்டல்ல சேர்," என்றேன்.

"தெரியும் பிள்ளை."

அவர் என் செருப்பைக் குனிந்து பார்த்தார். விரலிடுக்கெல்லாம் மணல். படத்தை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் எங்க கையெழுத்து வைக்கிற? இடமெல்லாம் மஞ்சளாக் கிடக்கே," என்றார். இருபது வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை நான் வீட்டுக்குப் போய் மூன்று பேரிடம் சொன்னேன்.

குடிபுகுந்த அன்று பாத்திஹா ஓதி முடித்து, ஆண்கள் சாப்பிட இருந்தார்கள். சோறு வரவில்லை. ரமீஸாவின் கணவர் எழும்பிப் போய்ப் பார்த்தார். ரமீஸா தன் குசினியில் யன்னலில் முழங்கையை ஊன்றி நிற்கிறாள். இந்தப் பக்கம் நஸ்மியா புதுப் பெண் உடுப்போடு நிற்கிறாள். கைகள் பறக்கின்றன. ரமீஸாவுக்குக் கைப்பேச்சு அரைகுறைதான், நாலு சொல்லுக்கு ஒன்று பிழை, அதற்கு இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அடுப்பில் இரண்டாம் சட்டிச் சோறு அடிப்பிடித்து மணக்கிறது.

"ரமீஸா! ரமீஸா!" என்று அந்த மனிதர் கத்துகிறார். காது நன்றாகக் கேட்கிற ரமீஸா திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றைக்கு எல்லாரும் கருகல் சோறுதான் சாப்பிட்டோம். சேரும் சாப்பிட்டார்.

இதை எழுதத் தொடங்கும் முன் நஸ்மியாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நேற்றுக் காலை அவளுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இரண்டும் பேசுவதற்கு முன்பே கைப்பேச்சுப் பழகியதுகள். நான் என் வீட்டு ஹோலில், எனக்குப் பிடித்த கதிரையில் சாய்ந்து, உன்னைப் பற்றி எழுதட்டுமா மகள் என்று கேட்டேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். பதில் இல்லை. வயது போய்விட்டது, வாய் சரியாக அசையவில்லையாக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே தன் கறுப்பு அபாயாவைத் தொட்டாள். அந்தக் கையைத் தன் முகத்தின் மேல் மெல்ல வழித்துக் காட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், நானே கீறி வைத்த பெரிய யன்னல்.

எழும்பிக் கதிரையைத் திருப்பிப் போட்டேன். வெயில் என் முகத்தில் விழுந்தது. "இப்ப தெரியுதா?" என்றேன்.

ஓம், இப்போது தெரிகிறது, எழுதுங்கள் என்றன அவள் கைகள்.